மாமி சுணங்கவில்லை: விபத்துக் கேஸ் எடுக்கும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கனடாவில், ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிசியோ கிளினிக் நடத்துகிற, பரலீகல் (லோயர் இல்லாத, லைசன்ஸ் உள்ள சட்டப் பணியாளர்) அலுவலகம் வைத்திருக்கிற, கார் விபத்துக் கேஸ் எடுக்கிற நம்மவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேருக்கு என் குரல் தெரியும். ஒன்பது வருடம் ஒரு கிளினிக்கின் முன்மேசையில் இருந்து ஃபோன் எடுத்தவள் நான். "அக்கா, அந்த ஃபைல் போயிட்டுதா?" என்று நீங்கள் கேட்க, "இன்னும் இல்லைத் தம்பி, ட்ரேயிலதான் கிடக்கு" என்று சொன்ன ஆள். அந்த ட்ரேயைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

மூன்று தட்டு வைத்த கறுப்பு பிளாஸ்டிக் ட்ரே. மேல்தட்டில் டேப் ஒட்டி, மார்க்கரால் 'இன்சூரன்ஸ் தெரியாது' என்று நானே எழுதியிருந்தேன். நடுத்தட்டு 'டொக்டர் சைன்'. கீழ்த்தட்டுக்குப் பெயர் வைக்கவில்லை. எங்கும் போகாமல் நின்றுபோனவை எல்லாம் அங்கே. விபத்து நடந்த கிழமையே ஆள் கையெழுத்துப் போட்டுத் தந்த படிவத்தை, மூன்று மாதம் கழித்து அந்தக் கீழ்த்தட்டிலிருந்து எடுத்திருக்கிறேன். ஓரம் சுருண்டிருக்கும். மேலே தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம் இருக்கும். திகதி எழுதும் இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். ஏன் வெறுமையாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

இதை ஆங்கிலத்தில் எழுதி, காப்புறுதியைக் கண்காணிக்கிற ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அனுப்பியிருக்கலாமே என்று என் மகள் கேட்டாள். அனுப்பலாம்தான். ஆனால் அவர்களுக்கு எழுதினால் உங்களைக் காட்டிக்கொடுத்தேன் என்பீர்கள். உங்களுக்கு எழுதினால் வாசிக்கவாவது வாசிப்பீர்கள். அதோடு, உங்களிடம் வருகிற ஆட்கள் நம்புவது ஆணையத்தை இல்லை. உங்களைத்தான் நம்பி வருகிறார்கள், தமிழில் கதைக்கலாம் என்பதற்காகவே.

மாமியின் கதையைச் சொல்கிறேன். எனக்கு அவர் சொந்தமில்லை. கிளினிக்கில் எல்லோருக்கும் அவர் மாமி. வயது 68. நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, சாமத்தியவீடு ஒன்றுக்குப் போய்விட்டு, தங்கச்சியின் மகள் ஓட்டிய காரில் பின்சீற்றில் வந்திருக்கிறார். மார்க்கம் வீதியில் சிவப்பு லைற்றுக்கு நின்ற காரைப் பின்னால் வந்தவன் அடித்துவிட்டான். மாமியின் முழங்கால் சிரட்டையில் வெடிப்பு. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு, இரண்டு தடியும் கொடுத்து அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் மகன் அவரை எங்கள் கிளினிக்குக்குக் கூட்டிவந்தான்.

அன்றைக்கு மாமி பதினொரு இடத்தில் கையெழுத்துப் போட்டார். நான்தான் விரல் வைத்துக் காட்டினேன். "இதிலயுமா பிள்ளை? இதிலயுமா?" என்று கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு முறையும் பேனா முனையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, தமிழில் முழுப் பெயரையும் எழுதினார். படிவத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை, ஏனென்றால் வெளியே ஏழு பேர் இருந்தார்கள்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், எந்த இன்சூரன்ஸ் என்பதில். மாமிக்கு லைசன்ஸும் இல்லை, பொலிசியும் இல்லை. கார் பெறாமகளுடையது, அது ஒரு கம்பனி. மாமி இருப்பது மகன் வீட்டில், அவனுக்கு வேறு கம்பனி. மாமி மகனில் தங்கியிருக்கிறவர் என்றால் மகனின் பொலிசி முன்னுக்கு வரும். இல்லையென்றால் அவர் ஏறிவந்த காரின் பொலிசி. கேஸைப் பார்த்த பரலீகல், "பொறுங்கோ, நான் செக் பண்ணிச் சொல்லுறன்" என்றார். எந்தக் கம்பனி என்று தெரியாமல், கிளினிக்குகள் கம்பனிகளுக்குச் சிகிச்சைப் படிவங்களை அனுப்புகிற ஹெச்காய் என்ற கணினி சிஸ்டத்தில் ஏற்ற முடியாது. அதனால் மாமியின் படிவங்கள் முதலில் மேல்தட்டுக்குப் போயின. பிறகு எப்படியோ கீழ்த்தட்டுக்கு இறங்கிவிட்டன.

செக் பண்ணி முடிய, விபத்து நடந்து 17 கிழமை ஆகிவிட்டது.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். உங்களுக்கு இது பாடம், ஆனால் இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் தெரியட்டும். ஒன்ராறியோவில் 2010 செப்டெம்பர் 1 முதல் நடைமுறையில் இருப்பது 34/10 ஒழுங்குவிதி. விபத்தில் காயப்பட்டவருக்கு என்னென்ன நலன் கிடைக்கும் என்று சொல்வது அதுதான். யாருடைய பிழை என்று பாராமல் கொடுக்கிற காசு என்பதால் 'நோ ஃபோல்ட்' என்கிறோம். (ஒருவரிலும் பிழையில்லை என்பது அதற்குப் பொருள் இல்லை. இதை நான் ஒன்பது வருடத்தில் ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பேன்.) காயப்பட்டவர் ஏழு நாளுக்குள், அல்லது அதற்குப் பிறகு முடிந்தளவு விரைவில், காப்புறுதிக் கம்பனிக்கு அறிவிக்க வேண்டும். கம்பனி படிவங்களை அனுப்பும். அவை கையில் கிடைத்து 30 நாளுக்குள் ஓசிஎஃப்-1 என்கிற விண்ணப்பம் நிரப்பிக் கையெழுத்தோடு திரும்பிப் போக வேண்டும்.

எந்தக் கம்பனி என்று தெரியாவிட்டால்? அதற்கும் விதி இருக்கிறது, 283/95. நிரப்பிய விண்ணப்பம் எந்தக் கம்பனியின் கைக்கு முதலில் போகிறதோ, அந்தக் கம்பனி கொடுக்கத் தொடங்க வேண்டும். இது எங்கள் பொறுப்பு இல்லை, மற்றவனுடையது என்று நினைத்தால், 90 நாளுக்குள் மற்றக் கம்பனிக்கு அறிவித்து அவர்கள் தங்களுக்குள் அடிபடலாம். அந்தச் சண்டை முடியும்வரை காயப்பட்ட ஆள் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு கம்பனியும் இல்லாத ஆளுக்குக்கூட அரசாங்கத்தின் விபத்துக் கோரிக்கை நிதியம் இருக்கிறது.

ஆகவே மாமியின் விண்ணப்பத்தைப் பத்தாம் நாளே பெறாமகளின் கார் கம்பனிக்கு அனுப்பியிருக்கலாம். பிழையான கம்பனியாக இருந்தாலும் அது சரியான வேலைதான். பரலீகலுக்கு இது தெரியாமல் இருந்ததா? தெரிந்திருக்கும். அவரிடம் அப்போது நூற்றுச் சொச்சம் ஃபைல் இருந்தது. சில அலுவலகங்களில் எந்தக் கம்பனி 'நல்லாத் தரும்' என்று பார்த்துக் கேஸை அங்கே நகர்த்துகிற பழக்கமும் உண்டு. மாமியின் விடயத்தில் அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடந்ததைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அறிவிப்புப் பிந்தினால் மட்டும் குடி மூழ்கிவிடாது. ஏழு நாளைத் தவறவிட்டதற்கு, கம்பனி தன் முடிவைத் தள்ளிப்போடலாம். முழு விண்ணப்பம் கிடைத்து 45 நாள்வரை, அல்லது தான் கேட்ட விபரம் கிடைத்துப் பத்து வேலைநாள்வரை, எது பிந்தியதோ அதுவரை இழுக்கலாம். அது எரிச்சல்தான், நட்டம் இல்லை. உண்மையான வெட்டு விழுவது வேறு இரண்டு இடத்தில். அந்த இரண்டையும் ஆட்களுக்குச் சொல்லாமல் விடுகிறோம்.

ஒன்று, 34/10 ஒழுங்குவிதியின் 36ஆம் பிரிவு. வேலைக்குப் போகிறவருக்கு வருமான இழப்பு, போகாதவருக்கு வேலை செய்யாதோர் நலன் போன்றவற்றைக் கேட்க, ஓசிஎஃப்-3 என்கிற இயலாமைச் சான்றிதழ் வேண்டும். அது போய்ச் சேர்வதற்கு முந்திய காலத்துக்கு அந்த நலன் இல்லை. பிந்திக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், அந்தக் காலத்துக்குக் கிடையவே கிடையாது. மாமியின் ஓசிஎஃப்-3 கிளினிக்குக்கு வந்த முதல் கிழமையே எங்கள் கைரோபிராக்டர் நிரப்பியது. ட்ரேயில் கிடந்தது. வேலை செய்யாதோர் நலன் கிழமைக்கு 185 டொலர், முதல் நான்கு கிழமைக்கு இல்லை. 17இல் நான்கு போக 13. பதின்மூன்று தரம் 185, மொத்தம் 2,405 டொலர். மாமிக்கு அந்த நலன் கட்டாயம் கிடைத்திருக்குமா என்று கேட்டால், சொல்ல முடியாது. வழமையான வாழ்க்கையை முற்றாக வாழ முடியாத நிலை என்று காட்ட வேண்டும், அந்த அளவுகோல் இறுக்கமானது. ஆனால் அந்த 13 கிழமையும் மாமி சமையலறைக்கு வந்து நிற்கவில்லை, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை, பேரப்பிள்ளைகளை ஸ்கூல் பஸ்ஸுக்குக் கூட்டிப்போகவில்லை. கேட்டுப் பார்த்து இல்லை என்று வாங்குகிற உரிமைகூட அவருக்கு இல்லாமல் போச்சு.

இரண்டாவது, 38ஆம் பிரிவு. இது கிளினிக்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சிகிச்சைத் திட்டம், அதுதான் ஓசிஎஃப்-18, கம்பனிக்குப் போவதற்கு முன் செய்த சிகிச்சைக்குக் கம்பனி பொறுப்பில்லை. விதிவிலக்குகள் கொஞ்சம்தான்: அம்புலன்ஸும் விபத்து நடந்து ஐந்து வேலைநாளுக்குள் செய்த அவசர உதவியும், டொக்டர் எழுதித் தந்த மருந்து, 250 டொலருக்கு மேற்படாத பொருட்கள், திட்டம் வேண்டாம் என்று கம்பனியே சொன்னவை. சின்னக் காயங்களுக்கு 3,500 டொலர் வரம்போடு வேறு வழிமுறை இருக்கிறது, அதற்கு ஓசிஎஃப்-23. ஆனால் எலும்பில் வெடிப்பு என்றால் அந்த வழியில் வராது. மாமிக்கு ஓசிஎஃப்-18தான்.

அது போகாமலேயே மாமிக்கு 14 தடவை தெரபி நடந்தது. "வாங்கோ மாமி, காசு இன்சூரன்ஸ் தரும்" என்று சொன்னது யார்? நான். முதலாளி சொல்லச் சொன்னார், நான் சொன்னேன்.

பிறகு பில் யாரிடம் போனது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பதினொரு கையெழுத்தில் ஒன்று, 'காப்புறுதி நிறுவனம் செலுத்தாத தொகைக்கு நானே பொறுப்பு' என்ற தாளில். அந்தத் தாள் சட்டப்படி பிழை என்று நான் சொல்ல வரவில்லை. கம்பனி தன் டொக்டரை வைத்துப் பார்த்து, இந்தச் சிகிச்சை தேவையில்லை என்று மறுத்தால், அந்த ஆபத்தை ஆளோடு பேசிப் பங்குபோடலாம். ஆனால் படிவம் போகாததால் மறுக்கப்பட்ட பில்லுக்கு மாமி எப்படிப் பொறுப்பு? அனுப்ப வேண்டியவர் நீங்கள். சிஸ்டத்தின் பாஸ்வேர்ட் உங்களிடம். கம்பனியிடமிருந்து நேரடியாகக் காசு வாங்கும் லைசன்ஸ், 2014 இலிருந்து தருகிறார்களே, அதுவும் உங்கள் பெயரில். மாமியிடம் இருந்தது இரண்டு தடிதான்.

முதலாளியிடம் கேட்டேன். "பரவாயில்லை, செட்டில்மென்ற் வரேக்க லோயர் கழிச்சுத் தருவார்" என்றார். இப்படித்தான் எல்லா இடமும் நடக்கிறது. மாமியின் காயத்துக்கு வருகிற காசில் இருந்து, எங்கள் சுணக்கத்துக்கான தண்டத்தை மாமி கட்டுகிறார். அது தண்டம் என்று அவருக்குத் தெரியாது. கடைசிக் கணக்குத் தாளில் ஒரு வரியாக வரும், ஆங்கிலத்தில்.

சரி, விதியில் ஒரு கதவும் இருக்கிறது. அதே ஒழுங்குவிதியின் 34ஆம் பிரிவு, ஒரே வசனம். காலக்கெடுவைத் தவறவிட்டதற்கு நியாயமான விளக்கம் இருந்தால், அதற்காக நலன் பறிபோகாது. 36இலும் 38இலும் விழுகிற வெட்டை இந்தக் கதவு எப்போதும் தடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது, வாதாடிப் பார்க்கலாம். ஆனால் விண்ணப்பமே பிந்திப்போனவருக்கு உயிர்நாடி இதுதான். எது நியாயமான விளக்கம்? 2003இல், அப்போதிருந்த நிதிச்சேவைகள் ஆணையத்தில் வந்த ஒரு தீர்ப்பை இன்றைக்கும் எடுத்துக்காட்டுகிறார்கள். விளக்கம் நம்பக்கூடியதாக இருக்க வேண்டும். சட்டம் தெரியாது என்பது மட்டும் போதாது. அந்த ஆளின் வயது, நிலைமை, இயல்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சுணக்கத்தால் கம்பனிக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பது தனியே விளக்கமாகாது.

முதலாவதைத் திரும்ப வாசியுங்கள். நம்பக்கூடியதாக இருக்க வேண்டும்.

மாமியின் விண்ணப்பம் ஏன் பிந்தியது என்று அட்ஜஸ்டர், அதாவது கம்பனியில் கேஸைப் பார்க்கிறவள், எழுதிக் கேட்டாள். பரலீகல் அலுவலகத்திலிருந்து ஒரு பதில் போனது. அந்தப் பதிலை நான் எத்தனையோ ஃபைலில் பார்த்திருக்கிறேன், பெயர் மட்டும் மாறும். ஆங்கிலம் தெரியாதவர், அதிர்ச்சியில் இருந்தார், நலன்கள் இருப்பதே தெரியாது, தெரிந்தவுடன் விண்ணப்பித்தார். ஒரு பெயரை மாற்ற மறந்து, ஆம்பிளை ஒருவருக்கு 'அவள்' என்று போன கடிதமும் எனக்குத் தெரியும்.

அதே அட்ஜஸ்டர் கிளினிக்கின் குறிப்புகளையும் கேட்டிருந்தாள். வருகைத் தாள் போனது. விபத்து நடந்து ஒன்பதாம் நாளிலிருந்து, தமிழில் முழுப் பெயரோடு, பதினைந்து கையெழுத்து. நலன்கள் இருப்பதே தெரியாதவர் ஒன்பதாம் நாள் எப்படிக் கிளினிக்குக்கு வந்தார்? அவளுடைய மறுப்புக் கடிதத்தில் இந்தக் கேள்வி கிட்டத்தட்ட இப்படியே இருந்தது. எனக்கு அவளில் கோபம் வரவில்லை. நான் அந்தக் கதிரையில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

வேடிக்கை என்னவென்றால், உண்மை அந்தப் பொய்யைவிட எவ்வளவோ நல்ல விளக்கம். 68 வயது, கால் முறிந்தவர், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர். ஒன்பதாம் நாளே தன் மொழி பேசுகிற இடத்துக்குப் போனார். சொன்ன இடமெல்லாம் கையெழுத்துப் போட்டார். எல்லாம் அனுப்பியாச்சு என்று நம்பினார், ஏனென்றால் அப்படித்தான் சொல்லப்பட்டது. படிவம் ட்ரேயில் கிடந்தது அவருக்குத் தெரியாது. ஒரு ஆள் இதைவிட என்னதான் செய்திருக்க முடியும்? இதை ஏன் எழுதவில்லை? எழுதினால் சுணங்கியது யார் என்ற பெயர் வந்துவிடும். கிளினிக்கின் பெயர், பரலீகலின் பெயர், என் பெயர். மூன்று பெயரைக் காப்பாற்ற, மாமியைப் பொய் சொன்னவராக ஆக்கிவிட்டோம். அவர் அந்தக் கடிதத்தை வாசிக்கக்கூட இல்லை.

நியூயோர்க்கில், குயீன்ஸில், என் ஒன்றுவிட்ட தங்கச்சி ஒரு டொக்டரிடம் மெடிக்கல் பில்லிங் வேலை செய்கிறாள். அங்கேயும் நோ ஃபோல்ட்தான். கெடு எங்களுடையதைவிடப் பொல்லாதது. விபத்தை 30 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும், வைத்தியச் செலவுக் கோரிக்கை சிகிச்சை நடந்து 45 நாளுக்குள் போக வேண்டும். முன்பு 90 நாளும் 180 நாளுமாக இருந்ததை 2002 ஏப்ரலில் வெட்டினார்கள். வைத்தியர் சங்கம் வழக்குப் போட்டுப் பார்த்தது. 2003இல் அந்த மாநிலத்தின் உச்ச மேன்முறையீட்டு மன்றம், வெட்டியது செல்லும் என்றது. அங்கே மறுப்புக் கடிதத்திலேயே, பிந்தியதற்கு நியாயமான காரணம் காட்டினால் மன்னிக்கப்படும் என்று கம்பனி எழுத வேண்டும், அது விதி. எங்கள் ஆணையமும் இதைக் கொண்டுவந்தால் நல்லது, ஆனால் அது வேறு சண்டை.

நான் அதைக் கேட்டு வியந்தது வேறு காரணத்துக்கு. நோயாளி தன் உரிமையை டொக்டருக்கு எழுதிக் கொடுக்கிற படிவத்திலேயே, இனிமேல் நோயாளியிடம் காசு கேட்கமாட்டேன் என்று டொக்டர் ஒப்புக்கொள்கிறார். காப்புறுதியே இல்லை என்றால், அல்லது நோயாளியே பொலிசி நிபந்தனையை மீறினால் மட்டும்தான் கேட்கலாம். டொக்டரின் அலுவலகம் பில்லைப் பிந்தி அனுப்பினால், போவது டொக்டரின் காசு. "நாப்பதாம் நாள் வந்தா எங்கட முதலாளி நித்திரை கொள்ளமாட்டார்" என்று தங்கச்சி சிரித்தாள். எங்கள் முதலாளிமார் நன்றாக நித்திரை கொள்கிறார்கள். சுணக்கத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதில்தான் அந்த வித்தியாசம்.

காப்புறுதிக் கம்பனிகளை நான் வெள்ளையடிக்க வரவில்லை. ஓசிஎஃப்-18 கிடைத்துப் பத்து வேலைநாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பதினோராம் வேலைநாளிலிருந்து பதில் தருகிறவரைக்கும் நடக்கிற சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டும். பிந்திக் கட்டினால் மாதத்துக்கு ஒரு வீதம் கூட்டுவட்டி. இதையெல்லாம் அவர்கள் தாமாக வந்து சொல்வதில்லை. நீங்கள் அதைப் பிடித்துக் கேட்டு வாங்குவதில் கெட்டிக்காரர். அந்தக் கெட்டித்தனத்தில் பாதியை உங்கள் பக்கத்துக் கெடுவுக்கும் காட்டலாமே.

ஆட்களும் சுணங்குவார்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. நோவு தானாகப் போய்விடும் என்று இரண்டு மாதம் எண்ணெய் பூசிக்கொண்டு இருப்பார்கள். ஓஹிப், அதுதான் மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி, பார்க்கும்தானே என்பார்கள். கிளெய்ம் போட்டால் இன்சூரன்ஸ் ஏறும் என்று பயப்படுவார்கள், பிழை தங்களில் இல்லாத விபத்துக்கு அப்படி ஏற்றக் கூடாது என்பது தெரியாமல். அவர்களுக்காக 34ஆம் பிரிவில் உண்மையாக வாதாடுங்கள். நான் கேட்பது, நேரத்துக்கு வந்தவர்களைப் பற்றி.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஆள் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே, அவர் முன்னாலேயே, அந்தத் தாளில் திகதியை எழுதுங்கள். திகதியை வெறுமையாக விட்டுக் கையெழுத்து வாங்குவதை இன்றோடு விடுங்கள். அது பிறகு நிரப்பப்படுகிறது என்பதை அட்ஜஸ்டர்மார் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஃபொட்டோகொப்பி ஒன்று எடுத்து ஆளின் கையில் கொடுங்கள், மாமி வாசிக்காவிட்டாலும் மகன் வாசிப்பான். கம்பனி எது என்று தெரியாவிட்டால் ஏறிவந்த காரின் கம்பனிக்கு அனுப்புங்கள், அடிபடுவதை அவர்கள் அடிபடட்டும். திட்டம் போகாமல் தெரபி தொடங்கினால், அந்தத் தெரபியின் செலவு உங்களுடையது என்று அந்தப் பொறுப்புத் தாளில் ஒரு வரி சேருங்கள். ஒரே வரி. சேர்த்துவிட்டுப் பாருங்கள், உங்கள் ட்ரே ஒரு கிழமையில் காலியாகும்.

அதையெல்லாம் செய்தும் பிந்திப்போனால், பிந்தியது உங்களால் என்றால், அதை எழுதிக் கொடுங்கள். உங்கள் லெற்றர்ஹெட்டில், உங்கள் கையெழுத்தோடு, எந்தத் திகதி ஆள் வந்தார், எந்தத் திகதி கையெழுத்துப் போட்டார், எந்தத் திகதி நீங்கள் அனுப்பினீர்கள், இடையில் ஏன் அனுப்பவில்லை என்று. உங்களுக்கு வெட்கமாக இருக்கும். பரலீகல்மாருக்கும் லோயர்மாருக்கும் தொழில்முறைக் காப்புறுதி என்று ஒன்று இருக்கிறது, அது எதற்கு என்று அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிளினிக்காரர் அஞ்சுவது வேறு. இதை எழுதினால் அந்தக் கம்பனி இனி எங்கள் படிவங்களை எல்லாம் கிண்டும் என்பார்கள். கிண்டட்டும். திகதி சரியாக இருக்கிற படிவத்தைக் கிண்டி என்ன எடுக்கப்போகிறார்கள்?

மாமி இப்போது தடி இல்லாமல் நடக்கிறார், படி ஏற மட்டும் கஷ்டம். 14 தெரபிக்கான பில் மகனின் வீட்டு ஃப்ரிட்ஜில் காந்தம் போட்டு ஒட்டியிருக்கிறது. போன மாதம் போய்ப் பார்த்தேன். "நான் ஏதும் பிழையாக் கையெழுத்து வைச்சிட்டனோ பிள்ளை?" என்று கேட்டார். தேத்தண்ணி தந்துவிட்டுத்தான் கேட்டார்.

கம்பனி மறுத்த திகதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் உரிமம் மேன்முறையீட்டு நியாயசபைக்குப் போகலாம். 2016 ஏப்ரலிலிருந்து இந்த வழக்குகள் அங்கேதான். மாமிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. மகன் வேறொரு லோயரைப் பிடித்திருக்கிறான். என் பங்குக்கு நான் சத்தியக்கடதாசி எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டேன்: மாமி எந்த நாள் வந்தார், எத்தனை இடத்தில் கையெழுத்து வாங்கினேன், படிவம் எந்தத் தட்டில் கிடந்தது என்று. அன்றைய திகதியையும் நானே எழுதினேன்.

நான் வேலை செய்த கிளினிக்கின் முதலாளியும் இதை வாசிப்பார் என்று தெரியும். அண்ணை, உங்கள் கடிதத்தையும் நானே டைப் பண்ணி வைத்திருக்கிறேன். அரைப் பக்கம்தான். கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும்.